இரண்டு ஆயுள் கொண்ட கதிரை



நாம் நாளாந்தம் புழங்கும் சில சொற்கள் கப்பலேறி வந்தவை. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை என்று சொல்லிப் பாருங்கள். அத்தனையும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. தமிழகத்தார் நாற்காலி என்று சொல்ல, நாம் இன்றும் கதிரை என்றே சொல்கிறோம். 1560ஆம் ஆண்டில் மன்னாரில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. மூவரும் போய்விட்டார்கள், கதிரை மட்டும் நம் வீட்டு விறாந்தையில் தங்கிவிட்டது.

கதிரை என்ற பெயர் அந்நியமானது. ஆனால் அதன் இருக்கையில் பின்னிய பிரம்பு நமக்கு மிகப் பழைய உறவு. குறுந்தொகையின் 91ஆம் பாடலில் ஔவையார் ஒரு நீர்நிலையைக் காட்டுகிறார். பிணைந்து கிடக்கும் பிரம்பங்கொடியின் முற்றிய கனியை ஆழ்ந்த நீரில் வாழும் கெண்டை கவ்வுகிறது. வயலும் குளமும் சேர்ந்த மருத நிலத்துக்கு அடையாளமாகவே புலவர் பிரம்பைக் கண்டார். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் அடம்பன் மக்களுக்கு அப்படியொரு குளக்கரைக் காட்சி அந்நியமாக இராது.

பிரம்பை மூங்கிலின் இனம் என்று எண்ணுவோர் பலர். அது தவறு. பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. முள்ளால் மரங்களைப் பற்றிக்கொண்டு மேலேறும். மூங்கிலின் உள்ளே வெறுமை. பிரம்பின் உள்ளே நார் நிறைந்த தண்டு. அதன் பளபளப்பான மேற்தோலை மெல்லிய பட்டைகளாக உரித்தெடுத்தே இருக்கை பின்னுகிறார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில் வேவல்தெனிய என்றோர் ஊர் உண்டு. 'வேவல்' என்றால் சிங்களத்தில் பிரம்பு. பிரம்புத் தளபாடங்களுக்குப் பெயர்பெற்ற அந்த ஊரின் பெயரிலேயே தொழிற்பொருளும் இருக்கிறது.

பிரம்பு பின்னிய கதிரை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற கதை சுவையானது. கிழக்கிந்தியக் கம்பனிகளின் கப்பல்களில் பிரம்பு போய்ச் சேர்ந்தது. 1660களில் லண்டனில் பிரம்புக் கதிரைகள் பரவத் தொடங்கின. அதுவரை கம்பளித் துணி போர்த்த கதிரைகள் அங்கு பெருவழக்கம். தங்கள் பிழைப்புக் கெடுகிறது என்று கம்பளித் தொழிலார் 1680களின் இறுதியில் பாராளுமன்றம்வரை போனார்கள். பிரம்புக் கதிரை பாரமற்றது, தூசி தங்காதது, பூச்சி அரிக்காதது என்று அதைச் செய்தவர்கள் வாதாடினார்கள். பிரம்பைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் வரவில்லை.

நேயர்களே, அந்த வாதத்தில் சொல்லப்படாத ஒரு சிறப்பும் பிரம்புக் கதிரைக்கு உண்டு. அதற்கு இரண்டு ஆயுள். மரச்சட்டத்துக்கு ஓர் ஆயுள். பின்னலுக்கு ஓர் ஆயுள். நல்ல முதிரைச் சட்டம் மூன்று தலைமுறைக்கும் நிற்கும். பின்னல் அவ்வளவு காலம் நில்லாது. முதற் கதிரையைச் செய்த தச்சனுக்கே இது தெரியும். அதனாலேதான் சட்டத்தின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டான். பழைய பின்னலை அறுத்தெடுத்துப் புதியதைக் கோப்பதற்கு அவன் திறந்துவைத்த வழி அந்தத் துளைகள்.

ஆகவே பின்னல் பழுதான கதிரையை விறகுக்குப் போடுவது அறியாமை. முதலில் நோய் என்னவென்று பார்க்க வேண்டும். இருக்கை தொய்ந்திருக்கிறது, இழை எதுவும் அறவில்லை என்றால் செலவு ஒரு கேத்தல் சுடுநீர்தான். கதிரையைக் கவிழ்த்து, சுடுநீரில் நனைத்த துணியால் பின்னலின் அடிப்புறத்தை நன்றாக ஈரமாக்கி, காற்றோட்டமான நிழலில் உலரவிட்டால், பிரம்பு சுருங்கி இறுகும். அதுவரை அதில் எவரும் உட்காரக் கூடாது.

ஓரிரு இழைதான் அறுந்திருக்கிறது என்றால் அதே அகலமுள்ள பட்டையொன்றை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி, பழைய இழை போன வழியிலேயே கோத்து, அடியில் முடிந்துவிடலாம். கால்களிலும் மூட்டுகளிலும் சுற்றிய பட்டை கழன்றிருந்தால் தாமதிக்கலாகாது. அதையும் நனைத்து இறுகச் சுற்றி, சிறு ஆணி அடித்து நிறுத்த வேண்டும். மூட்டு ஆடத் தொடங்கினால் சட்டமும் போய்விடும்.

நடுவில் பொத்தல் விழுந்தால்தான் முழுப் பின்னலும் மாற வேண்டும். அதற்கு ஏழு படிகள். முன்னிருந்து பின்னாக ஒரு வரிசை. அதன்மேல் குறுக்காக ஒன்று. மறுபடி முன்பின்னாக ஒன்று. மறுபடி குறுக்காக, இம்முறை ஏற்கெனவே இட்ட இழைகளுக்கு மேலும் கீழுமாகப் புகுந்து ஒன்று. பிறகு மூலைக்கு மூலை சாய்வாக இரண்டு. கடைசியில் துளைகளை மறைக்கும் ஓரக்கட்டு. எட்டுமூலைக் கண்களோடு இருக்கை பிறந்துவிடும். பட்டைக்குப் போகும் பணம் சிறிது. பெரிய செலவு பொறுமைதான்.

இந்த வேலை கண்ணைவிடக் கையை நம்பியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பார்வையற்றோர் பள்ளிகளில் கதிரை பின்னல் ஒரு தொழிற்பாடமாயிற்று. இந்தியாவிலும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது பார்வையற்றோருக்கென ஒதுக்கிய அரசுப் பணிகளில் ஒன்றாக இருந்தது. விரல் நுனியால் துளையை எண்ணி, இழையின் இறுக்கத்தை அறிந்து பின்னினார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். 1990 ஒக்ரோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, கையில் எடுத்ததைத் தவிர அத்தனையையும் விட்டுப் போனார்கள். 2007, 2008ஆம் ஆண்டுகளில் போர் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் ஊரூராக நகர்ந்தது. 2008 மே மாதம் அடம்பன் இராணுவத்தின் வசமானது. மக்கள் உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் ஏற்றியதை ஏற்றிக்கொண்டு வன்னியின் உட்புறத்துக்குப் போனார்கள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் சுமை குறைந்தது. தாத்தாவின் சாய்மனைக் கதிரையைக் கடைசிவரை யாரால் தூக்க முடியும்?

2009க்குப் பின் மக்கள் திரும்பினார்கள். இன்று முற்றங்களில் இருப்பவை பெரும்பாலும் பிளாஸ்ரிக் கதிரைகள். அவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒன்றுமில்லாமல் வந்தவனுக்கு முதலில் உட்கார ஓரிடம் வேண்டும். ஆனால் அவற்றுக்கு ஆயுள் ஒன்றுதான். கால் ஒடிந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. அதோடு, பழுதைப் பார்த்து "இதைச் சரிபண்ணலாம்" என்று சொல்லும் பழக்கமும் நம்மை விட்டுப் போகிறது. கதிரை போனால் இன்னொன்று வாங்கலாம். பின்னத் தெரிந்த கை போனால் எந்தக் கடையில் வாங்குவது?

பிரம்பும் இப்போது மலிவாகக் கிடைப்பதில்லை. உலகுக்குப் பெரும்பங்கு பிரம்பைத் தரும் இந்தோனேசியா, 2012 முதல் பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆயினும் மன்னாரில் பிரம்பின் உறவான பனை இருக்கிறது. ஓலையில் பாயும் பெட்டியும் கடகமும் பின்னும் பெண்களும் இருக்கிறார்கள். தமிழகத்தில் பனைநாரால் பின்னிய கட்டிலில் ஆள் படுத்துறங்கும்போது, நாரால் பின்னிய இருக்கை ஆளைத் தாங்காதா? 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைத் தொழிலுக்கென்றே இருக்கிறது. கிராமத்துக் கைப்பணிப் பயிற்சிகளில் பழைய கதிரையொன்றையும் வைத்து, அதை மீளப் பின்னுவதை ஒரு பாடமாக்கலாம். கடகம் பின்னும் விரல்களுக்கு அந்த ஏழு படிகள் பாரமாக இரா.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுக் கொட்டிலின் மூலையில் பின்னலற்ற சட்டம் ஒன்று கிடந்தால் அதை அடுப்பில் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்துத் துளைகள் சிதையாமல் இருந்தால், அதற்கு இன்னும் ஓர் ஆயுள் மீதியிருக்கிறது.