மீசான் கல்லும் படிக்கல்லும்

மூதூரில், புளியமரத்தடியில், 1893இல் நட்ட ஒரு கல் உண்டு. 'ஆன்' கப்பலின் கப்டன் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் இவ்விடத்தில் பிடிபட்டு, கண்டி மன்னனிடம் 19 வருடம் கைதியாயிருந்தார் என்பது அதன் செய்தி. கல்லில் எழுதியதை யார் மறுப்பார்கள்? ஆனால் கப்டனாயிருந்தவர் தந்தை நொக்ஸ். அவர் 1661இலேயே சிறையிருப்பில் இறந்துவிட்டார். பத்தொன்பது வருடம் கழித்து அரிப்புக்குத் தப்பியோடியவரும், 1681இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதியவரும் அதே பெயர் கொண்ட மகன். இருவரையும் ஒருவராக்கிவிட்டது கல்.

ஒரு பொருளைப் பாதுகாப்பது பாதி வேலை. அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று சரியாக எழுதி வைப்பது மறுபாதி. நம்மவர்கள் இரண்டிலும் அசட்டையாகவே இருந்து வந்திருக்கிறோம்.

கொழும்பில் முஸ்லிம்களின் பழைய மையவாடியில் இருந்த, ஹிஜ்ரி 337 (கி.பி. 948) என்று ஆண்டு பொறித்த கூஃபி எழுத்து மீசான் கல்லின் கதை தெரிந்ததே. ஒல்லாந்த அதிகாரி ஒருவர் அதை எடுத்துப்போய்த் தம் வீட்டுக்குப் படிக்கல்லாகப் போட்டார். அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் கவனித்து எழுதியிராவிட்டால், பத்தாம் நூற்றாண்டிலேயே இங்கு நமக்கொரு மையவாடி இருந்தது என்பதற்கான அந்தச் சாட்சியம் செருப்புக் காலடியில் தேய்ந்து போயிருக்கும். காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்லும் அப்படித்தான். சீனத் தளபதி செங் ஹ கொணர்ந்த அக்கல்லில் பாரசீகம் அல்லாஹ்வையும், தமிழ் தெனாவரை நாயனாரையும், சீனம் புத்தரையும் போற்றுகின்றன. அது மதகு மூடியாகக் கிடந்தது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவரும் நம்மவரான வாப்பிச்சி மரைக்கார்தான். வெகுமதியாக என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அதை மூட வேண்டும் என்றாராம். கட்டத் தெரிந்த நமக்கு, உள்ளே வைப்பதற்குச் சேகரிக்கத் தெரியவில்லை.

கிழக்கில் அந்தக் குறையைப் போக்க எழுந்த முயற்சி காத்தான்குடி பூர்வீக நூதனசாலை. 2015இல் திறக்கப்பட்டது. ஆளளவு உருவங்களை வைத்துப் பழைய வாழ்க்கையைக் காட்டியதால், உருவம் வைக்கலாமா என்ற மார்க்க விவாதமும் கூடவே எழுந்தது. அந்த விவாதம் நியாயமானதே. ஆனால் உருவம் பற்றிப் பேசிய அளவுக்குப் பொருட்களைப் பற்றி நாம் பேசவில்லை.

இனி ஈச்சிலம்பற்றுக்கு வருவோம். மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று மூன்றும் பழைய கொட்டியாரப்பற்று. வெருகலாற்றுக்கு வடக்கே தமிழரும் சோனகரும் ஒரே நீரில் வயல் செய்து, ஒரே குடாவில் வலை வீசிய நிலம். 2004 டிசம்பரில் கடல் ஏறியது. 2006இல் போர் மூண்டது. மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கும் ஈச்சிலம்பற்றுத் தமிழர்கள் ஆற்றைத் தாண்டி வாகரைப் பக்கமும் ஓடினர். ஓடுகிறவன் பிள்ளையைத் தூக்குவான்; காணி உறுதியைக்கூட எல்லோராலும் எடுக்க முடியாது. வாப்பாவின் கணக்குக் கொப்பி, உம்மாவின் வெற்றிலைத் தட்டம், பழைய குர்ஆன் பிரதி இவற்றை யார் எடுத்திருப்பார்கள்?

2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. நாம் கண்டித்தோம். ஆனால் கண்டனத்தோடு கொண்டுபோய் வைக்க நம் கையில் ஒரு பட்டியலாவது இருந்ததா?

கட்டடம் பிறகு வரட்டும். பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ ஒரு அலுமாரியும் ஒரு தடித்த கொப்பியும் போதும். பொருளின் பெயர், தந்தவர், அவர் அதைப் பெற்ற விதம், கிடைத்த இடம், நாள். தமிழ் வீட்டில் இருந்து வந்ததையும் அதே கொப்பியில் எழுத வேண்டும். கொட்டியாரத்தின் வயல் வரம்பு இருவருக்கும் ஒன்றாயிருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயரானால், அதையும் மறக்காமல் குறிக்க வேண்டும்.