கரி ட்ராக்

புத்தாண்டு அன்று டி.வி. ரிமோட்டை அமுக்கிக்கொண்டே வந்தால், ஏதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் சேனலில் அந்தக் காட்சி மாட்டும். காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, பனிச் சரிவில் சர்ரென்று வருகிற ஒரு ஆள், விளிம்பைத் தொட்டதும் அப்படியே அந்தரத்தில் பாய்வார். ஸ்கீ ஜம்ப்பிங்! நார்வேயில், ஆஸ்லோவின் ஹோல்மென்கொல்லன் குன்றில் 1892-ல் இருந்து இந்தக் கூத்து நடக்கிறது. 1952 குளிர்கால ஒலிம்பிக்ஸில் தாவியதும் அதே குன்றில்தான். மலையும் பனியும் இருந்தன, விளையாட்டு வந்துவிட்டது.

எங்கள் துடியலூரிலும் மேற்கே பார்த்தால் மலை தெரியும். சறுக்கினால் முட்டிதான் பெயரும். வேகப் பைத்தியத்துக்கு நம்மவர்கள் கண்டுபிடித்த களமே வேறு. விமானம் இறங்குகிற ஓடுபாதை!

இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு அருகே சோழவரத்தில் ஒரு ஓடுதளம் இருந்தது. போர் முடிந்தது, தார்ப்பாதை மிச்சம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார் ரேஸ் விட்டது. மகாராஜா வீட்டுப் பிள்ளைகளும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுக் கார்களோடு வந்து இறங்கினார்கள். கூட்டம் அலைமோதியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ட்ராக் வரும் வரை சோழவரம்தான் எல்லாமே.

இதில் பி.காம். படித்த என் கண்ணுக்கு முதலில் படுவது கணக்கு. ரேஸ் கார் இறக்குமதி என்றால் காசை வண்டி வண்டியாகக் கொட்ட வேண்டும். காசில்லாதவன் வேலிக்கு வெளியே நின்று கைதட்டலாம், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டவர் ஒரு கோயமுத்தூர்க்காரர். எஸ்.கரிவரதன். நன்றாகக் கார் ஓட்டுவார், அதைவிட நன்றாகக் காரைப் பிரித்து மாட்டுவார். பம்ப்செட்டும் மில் மெஷினும் செய்து பழகிய ஊரில் இதெல்லாம் ஆச்சரியமில்லை. ஆனால், அவர் எடுத்துக்கொண்ட இன்ஜின் இருக்கிறதே, அதுதான் விஷயம். அப்பா ஆபீசுக்கும் அம்மா கோயிலுக்கும் போய் வந்த மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜின்! அதை ஒற்றை இருக்கை ரேஸ் காரில் பொருத்தினார். 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. கார் சின்னது, செலவும் சின்னது. திறமை இருக்கிற பையன் உட்கார்ந்து பார்க்கலாம்.

உட்கார்ந்தார்கள். அவருடைய உறவுக்காரப் பையன் நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டிப் பழகி, 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். கருண் சந்தோக் 2000-ல் ஃபார்முலா மாருதியில் தேசிய சாம்பியன், 2010-ல் எஃப்-1. இந்தியாவிலிருந்து இதுவரை எஃப்-1 பந்தயம் ஓட்டியவர்கள் இந்த இரண்டே பேர். இரண்டு பேருக்கும் அரிச்சுவடி, கோவைக்காரர் செய்த அந்தக் குட்டிக் கார்!

கரிவரதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். வயது நாற்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது.

அவருடைய நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. செட்டிபாளையத்தில், இலகு ரகக் குட்டி விமானங்கள் இறங்குவதற்கென்று போட்ட ஒரு ஓடுபாதை இருந்தது. முன்னாள் ரேஸர் பி.விஜயகுமார் முன்னின்று அதை 2.1 கிலோமீட்டர் ட்ராக்காக்கினார். 2003-ல் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' தயார். மறுபடியும் ஓடுபாதை! விமானத்தில் இறந்தவருக்கு, விமானம் இறங்கிய இடத்தில் நினைவுச் சின்னம்.

டெல்லிப் பக்கம் 5.125 கிலோமீட்டரில் பிரமாண்டமாகக் கட்டினார்களே புத் சர்க்யூட், அங்கே எஃப்-1 நடந்தது 2011, 12, 13 மூன்று வருடம்தான். அப்புறம் வரிப் பஞ்சாயத்தில் நின்றே போனது. செட்டிபாளையத்தில் பந்தாவெல்லாம் கிடையாது. ஆனால் பல வருடங்களாக தேசியப் பந்தயங்கள் நடக்கின்றன. 2024 நவம்பரில் சர்வதேச அங்கீகாரம் பெற்ற இந்திய ஃபார்முலா 4 தொடரின் இறுதிச் சுற்றும் அங்கேதான். வெளிநாட்டுப் பையன்களெல்லாம் வந்து ஓட்டினார்கள். பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனவர் தென் ஆப்பிரிக்காவின் அகில் அலிபாய்.

ஒருமுறை அந்தப் பக்கம் போக ஆட்டோ பிடித்தேன். "கரி ட்ராக்குங்களா? ஏனுங்ணா, அங்கெ முன்னால அடுப்புக்கரி சுட்டாங்களா?" என்றார் டிரைவர். செட்டிபாளையம் போய்ச் சேரும் வரை அவருக்கு மாருதி 800 கதையைச் சொல்லிக்கொண்டே போனேன்.