இருட்டு யார் பக்கம்?

பெரம்பலூரைத் தாண்டித் திருச்சிப் பக்கம் போகிறவர்கள் நெடுஞ்சாலையிலேயே சிறுவாச்சூர் பிரிவைப் பார்த்திருப்பார்கள். அங்கே மதுரகாளியம்மனுக்கு வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் வழக்கமாக நடை திறக்கும். மற்ற நாளில் அம்மன் ஊரில் இல்லை என்பார்கள். எங்கே போயிருக்கிறாள் என்று கேட்டால் கதை தொடங்கிவிடும்.

அந்த இடம் முதலில் செல்லியம்மனுடையது. ஒரு மந்திரவாதி தன் மந்திர பலத்தால் அவளையே கட்டிப்போட்டு ஏவலுக்கு ஆட்டிவைக்கிறான். தெய்வமாக இருந்தும் சொந்த வீட்டில் அவள் அடிமை. மதுரையை எரித்த சினம் ஆறாமல் வந்த ஒருத்தி ஓர் இரவு மட்டும் தங்க இடம் கேட்கிறாள். தன் நிலையைச் சொல்லிக் கலங்குகிறாள் செல்லி. கேட்டவள் அங்கேயே தங்கி, மந்திரவாதி வந்து நின்றதும் அவனைக் கொன்றுபோடுகிறாள். அதன்பின் செல்லியம்மன் அந்த இடத்தை அவளுக்கே விட்டுவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் இங்கே, மற்ற நாளெல்லாம் மலையில் செல்லியோடு என்று இருவருக்கும் ஓர் ஏற்பாடு. இன்றும் தீபாராதனை முதலில் செல்லியம்மனுக்காக மலையிருக்கும் திசைக்குக் காட்டப்படுகிறது. அதற்குப் பிறகுதான் மதுரகாளிக்கு.

இந்தத் தலபுராணத்தில் கண்ணகி வழிபாட்டின் தடம் தேடுவோர் தேடட்டும். நான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, ஒரு சிறுவர் கதையாகவே அறிந்தவன். நள்ளிரவு, காடு, கட்டுண்ட தெய்வம், ரத்தம் எல்லாம் இதில் உண்டு. இருந்தும் கேட்கிற பிள்ளை காளிக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. அவள் எப்போது எழுந்து வருவாள் என்றுதான் காத்திருக்கும். பயமெல்லாம் மந்திரவாதியிடம்தான். அவனோ கோரைப்பல்லும் கொம்பும் இல்லாத சாதாரண மனிதன். தன்னுடையதல்லாத ஒன்றைக் கட்டிப்போட்டு வேலை வாங்கத் துணிந்தவன்.

சிறுவர்க்கான இருண்ட மாயாஜாலக் கதைகள் வாசகரை ஏன் இப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்பதற்கு அறிஞர்கள் பல விடைகள் சொல்லியிருக்கிறார்கள். புரூனோ பெட்டில்ஹைம் 1976-இல் வெளியிட்ட நூலில், குழந்தை தன் உள்ளத்துப் பயங்களை மாயக் கதையின் உருவங்களில் கண்டு அவற்றோடு மல்லுக்கட்டிப் பழகுகிறது என்று வாதிட்டார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கதையில் இருட்டு யார் பக்கம் நிற்கிறது என்ற கேள்வி அந்த விடைக்குள் அடங்கவில்லை. நம் பக்கத்துக் கதைகளின் கவர்ச்சி அந்தக் கேள்வியில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன். அவற்றில் இருட்டு பெரும்பாலும் பிள்ளையின் பக்கம் நிற்கிறது.

அம்புலிமாமாவை எடுத்துக்கொள்வோம். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. விக்கிரமாதித்தன் உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டு வழியே நடக்கிறான். பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் பேசுகிறது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரவில் கொல்லைப்புறம் போக மறுத்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். கே. சி. சிவசங்கரன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்தார். மண்டை ஓடுகளும் பாம்புகளும் நெளியும் அந்தச் சுடுகாட்டில் அரசனின் முகத்தில் மட்டும் பதற்றமே இருக்காது. நடுங்கும் பிள்ளை ஒட்டிக்கொள்ள அந்த முகம் போதும்.

மாதந்தோறும் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்ததால், மூலக்கதையின் முடிவு பத்திரிகை வாசகர்கள் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்த முடிவு அருமையானது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலும் அது உண்டு. பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சாமியார் அரசனையே பலிகொடுக்கத்தான் இத்தனையும் செய்கிறான். அதைச் சொல்லிக்கொடுப்பது வேதாளம். சாமியார் விழுந்து கும்பிடச் சொல்வான், அரசனாகிய எனக்குப் பழக்கமில்லை, எப்படி என்று நீயே விழுந்து காட்டு என்று கேள், அவன் குனிந்ததும் வெட்டு என்கிறது. இரவெல்லாம் கேள்வி கேட்டு அரசனை அலைக்கழித்த பேய்தான் கடைசியில் அவன் கழுத்தைக் காப்பாற்றுகிறது.

அதே நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1951-இல் தயாரித்த ‘பாதாள பைரவி’ படமும் இதே அச்சில் வார்த்ததுதான். எஸ். வி. ரங்கா ராவின் நேபாள மந்திரவாதி, தோட்டக்காரன் மகனைப் பாதாளத்துக்கு அழைத்துப் போவது பலிகொடுப்பதற்கு. பலியாவது மந்திரவாதி. பைரவி அருள்வது பையனுக்கு. வங்கத்தில் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 1907-இல் வெளியிட்ட ‘டாகுர்மார் ஜுலி’யிலும், அரக்கி வயிற்றில் பிறந்த நீல்கமல் மனிதத் தாய்க்குப் பிறந்த லால்கமலோடு சேர்ந்து நின்று அரக்கரை எதிர்க்கிறான். கிரிம் சகோதரர் 1812-இல் அச்சிட்ட ஜெர்மானியக் கதைகளில் காட்டுக்குள் நுழைந்தாலே சூனியக்காரியின் அடுப்பு காத்திருக்கும். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் முதல் பதிப்பில் பெற்ற தாயாகவே இருந்தாள். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. அங்கே காடு பிள்ளையைத் தின்னக் காத்திருக்கிறது, இங்கே காட்டுக்குள் ஒரு காளி இருக்கிறாள்; அந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறேன்.

இந்த மரபுக்கு நம் மண்ணிலேயே ஒரு பேரிலக்கியம் இருக்கிறது. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு 1070 முதல் ஆண்டவன் முதற் குலோத்துங்கன். அவன் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் ‘கலிங்கத்துப்பரணி’யாகப் பாடினார். அரண்மனை இருந்த இடம் மாளிகைமேட்டில் இன்று செங்கல் அடித்தளமாக மட்டும் கிடக்கிறது. அதன் ஓரத்தில் நின்று பரணியை நினைத்தால், மன்னனை விட அந்தப் பேய்கள்தான் முதலில் கண்முன் வரும்.

எத்தனை விதமான பேய்கள்! பனைமரம் போல் நீண்ட கையும் காலும், குகை போல் குழிந்த வயிறும். கால் முடமான பேய், கண்ணில்லாப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய், குள்ளப் பேய், கூனல் பேய். எல்லாவற்றுக்கும் ஒரே துன்பம், பசி. காளியிடம் போய் முறையிடுகின்றன. முதுபேய் ஒன்று இந்திரசாலம் காட்டும்போது பொய்யான ரத்த ஆற்றை நிசமென்று நம்பி ஓடி ஏமாறுகின்றன. கடைசியில் களத்துக்குப் போய்க் கூழ் காய்ச்சுகின்றன. முரசு உரலாகிறது, யானைத் தந்தம் உலக்கையாகிறது, செத்தவர்களின் பல் அரிசியாகிறது, யானைத் தலை அடுப்பாகிறது. குத்தும்போது பாட்டு வேறு. மார்கழியில் வாசலில் மண்ணைக் குழைத்துச் சோறாக்கி விளையாடும் பிள்ளைகள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். கிடைத்ததெல்லாம் பாத்திரம், எல்லோருக்கும் வேலை, கடைசியில் வரிசையாக உட்கார்ந்து பரிமாறல்.

இந்தப் பகுதியை என் சொந்த நடையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னேன். அருவருப்பார்களோ என்று தயங்கித்தான் தொடங்கினேன். சொல்லி முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “எல்லாப் பேய்க்கும் கூழு பத்துச்சா சார்?” பத்தியது, ஊமைப் பேய்க்கும் குருட்டுப் பேய்க்கும் மறக்காமல் ஊற்றினார்கள் என்றேன். அவள் முகம் தெளிந்தது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மழையை நம்பிப் போடுகிற மானாவாரி ஊர்ப் பிள்ளை அவள். மழை பொய்த்த வருடத்தில் வீட்டில் உலை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேயின் வயிற்றை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

பரணி வெற்றியைக் கொண்டாடும் நூல். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதிலுள்ள பேய்கள் ஒருவரையும் கொல்லவில்லை. கொன்றவர்களும் செத்தவர்களும் மனிதர்கள். மிஞ்சியதைப் பேய்கள் சமைத்தன. இதையும் அன்று ஒரு பையன்தான் கேட்டான். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பாடவேளையைக் கொடுத்தேன்.

இருண்ட கதையைச் சிறுவர் புத்தகத்திலிருந்து நீக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர், சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம் பூச்சாண்டி வருகிறான் என்று சொல்வதில் தவறு காண்பதில்லை. எனக்கு அதுதான் கொடுமையாகப் படுகிறது. பூச்சாண்டிக்குக் கதை கிடையாது. அவன் எங்கிருந்து வருகிறான், ஏன் வருகிறான், யார் அவனை விரட்டுவார்கள் என்று யாரும் சொல்வதில்லை. தொடக்கமும் முடிவும் இல்லாத அந்தப் பயம் குழந்தையின் படுக்கையிலேயே தங்கிவிடுகிறது. சிறுவாச்சூர் மந்திரவாதிக்கு ஊர் உண்டு, குற்றம் உண்டு, சாவும் உண்டு. காளிக்குக் கிழமையும் இருப்பிடமும் உண்டு. அப்படிக் கேட்ட கதையில் பயம் ஒரு வேலிக்குள் வந்துவிடுகிறது. சொல்கிற பாட்டியின் மடியும் அங்கே இருக்கிறது.

இன்று எழுதுகிறவர்கள் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இந்த இரு மாவட்டங்களின் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. டைனோசர் காலத்தில் இங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டு வயது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1987-இல் ஒரு டைனோசருக்கு ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். அந்த எலும்புகளே இன்று இல்லை, பொடிந்துபோயின. குன்னத்தில் 2020-இல் டைனோசர் முட்டை என்று ஊரே கூடிப் பார்த்தவை, அம்மோனைட் என்ற கடலுயிரியைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்று தெரியவந்தது. முட்டை இல்லை என்றதும் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கு அதன் பிறகுதான் சுவாரசியமே பிறந்திருக்க வேண்டும். வீட்டுக்கு அடியில் ஒரு கடல் செத்துக் கிடக்கிறது என்றால் சும்மாவா!

சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் அரியலூரைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீரை எட்டிப் பார்த்த பிள்ளைக்கு, அங்கே ஏதோ படுத்திருக்கிறது என்று தோன்றாமல் இருக்காது. அதற்கு யார் பெயர் வைக்கப்போகிறார்கள்? பழைய கதைகளின் வழியில் எழுதினால், பள்ளத்துக்குள் சுருண்டு கிடப்பது பிள்ளைக்குத் துணையாகும். மந்திரவாதி மேலே நின்று, இன்னும் எத்தனை அடி தோண்டலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அதே பள்ளியில் சிறுவாச்சூர்க் கதையைச் சொன்ன நாள் ஒரு புதன்கிழமை. இன்று கோயில் பூட்டியிருக்கும், அம்மன் மலையில் செல்லியோடு இருப்பாள் என்று முடித்தேன். மணி அடித்து எல்லோரும் பை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கடைசி வரிசையில் அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் மட்டும் மேசையருகே வந்து நின்றான்.

“சார், மலைமேல ராத்திரியில ரெண்டு பேரும் என்ன பேசிக்குவாங்க?”

எனக்கு விடை தெரியவில்லை. நீ நாளைக்கு எழுதிக் கொண்டு வா என்றேன். எட்டுப் பக்கம் எழுதிக் கொண்டு வந்தான்.