காசநோய்த் தோல் சோதனையும் பி.சி.ஜி. தடுப்பூசியும்: பெற்றோரின் அச்சங்கள்

காசநோய்த் தோல் சோதனை என்பது, காசநோய்க் கிருமி ஒருவரின் உடலுக்குள் எப்போதாவது புகுந்திருக்கிறதா என்பதை முன்கைத் தோலில் போடும் சிறு ஊசியால் அறியும் முறை. இதை மாண்டூ சோதனை என்றும் சொல்வர். பி.சி.ஜி. என்பது பிறந்த குழந்தையின் இடது மேற்கையில் போடப்படும் காசநோய்த் தடுப்பூசி. இரண்டுமே தோலின் அடுக்குக்குள் போடப்படுபவை; இரண்டுமே போட்ட இடத்தில் தடம் காட்டுபவை. அதனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். இவற்றைப் பற்றித் தமிழ்நாட்டுப் பெற்றோர் கொண்டிருக்கும் அச்சங்களுக்கு ஏறத்தாழ 75 ஆண்டு வரலாறு உண்டு. அவற்றில் சில ஆதாரமற்றவை. சில, அறிவியல் ஆய்வுகளே பின்னால் நியாயம் என்று ஒத்துக்கொண்டவை. மிகுதியும், ஊசி போடுகிறவர் இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசியிருந்தால் எழுந்தே இராதவை.

தோல் சோதனை

காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் கோக், 1890இல் டியூபர்குலின் என்ற சாற்றை அந்நோய்க்கு மருந்தென அறிவித்தார். மருந்தாக அது பயன்படவில்லை. ஆனால் கிருமி ஏற்கெனவே புகுந்த உடலில் அச்சாறு பட்டால் அந்த இடம் தடிக்கிறது என்பது தெரியவந்தது. அதைக் கொண்டு 1907இல் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே தோலைக் கீறிச் சோதிக்கும் முறையை வகுத்தார். மறு ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் மாண்டூ அதைத் தோலுக்குள் போடும் ஊசியாக மாற்றினார். இன்றுவரை அந்த முறையே நிலைத்திருக்கிறது.

முன்கையின் உட்புறத்தில் 0.1 மி.லி. டியூபர்குலின் செலுத்தப்படும். ஊசி சரியாகப் போடப்பட்டிருந்தால் தோல் வெளுத்துச் சிறு கொப்புளம் போல எழும்பிச் சற்று நேரத்தில் அடங்கிவிடும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை போட்டால் புதன் அல்லது வியாழன். பார்ப்பவர் அளப்பது சிவப்பை அல்ல, விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பை. பேனா முனையை இருபுறமிருந்தும் நகர்த்தி, தடிப்பின் விளிம்பில் அது முட்டி நிற்கும் இடங்களைக் குறித்து, குறுக்கு அகலத்தை மில்லிமீட்டரில் எழுதுவர். பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நேர்மறை. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 5 மி.மீ. போதும்.

இங்கே பெற்றோர் சறுக்கும் இடங்கள் இரண்டு. கை சிவந்து அகலமாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள்; தடவிப் பார்த்தால் தடிப்பே இராது. அல்லது எதுவும் தெரியவில்லை என்பதால் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு மருத்துவமனைக்குத் திரும்பிப் போவதில்லை. அளந்து எழுதப்படாத சோதனை, போடாத சோதனைக்குச் சமம்.

சோதனை ஊசியாலேயே பிள்ளைக்கு நோய் வந்துவிடுமோ என்ற பயம் பரவலானது. அப்படி வர வழியில்லை. டியூபர்குலினில் உயிருள்ள கிருமி கிடையாது; கிருமியின் புரதங்கள் மட்டுமே உள்ளன. சில குழந்தைகளுக்கு அந்த இடம் நன்றாகத் தடித்து, அரித்து, அரிதாகக் கொப்புளமும் கட்டும். அது, அந்த உடல் கிருமியை முன்பே அறிந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’

தமிழ்நாட்டில் தோல் சோதனையைப் பற்றிப் பேசினால் இந்தச் சொல்லைத் தவிர்க்க முடியாது. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, எடை ஏறவில்லை, அடிக்கடி சளி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று மருத்துவரிடம் போகிறார்கள். மாண்டூ போடுகிறார்கள். கை தடிக்கிறது. “பிரைமரி காம்ப்ளக்ஸ், ஆறு மாசம் மருந்து குடுக்கணும்” என்ற பதிலோடு வீடு திரும்புகிறார்கள். அது காசநோயைச் சேர்ந்தது என்பதைப் பலரிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் வீட்டில் அந்தப் பேச்சு எடுபடுவதில்லை. பெண் குழந்தை என்றால் இன்னும் மறைவாக வைத்துக்கொள்வார்கள்.

மருத்துவப் பொருளில் அச்சொல், முதல் தொற்றின்போது நுரையீரலில் விழும் சிறு புண்ணையும் அதை ஒட்டி வீங்கும் நிணநீர்க் கணுவையும் குறிக்கும். தடித்த கை இத்தகைய தொற்றுக்கு ஓர் அடையாளம், அவ்வளவே. தொற்று வேறு, நோய் வேறு. தொற்று ஏற்பட்ட பெரியவர்களில் வாழ்நாள் முழுதும் சேர்த்து 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் நோய் மூளும். மாண்டூவின் முடிவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுவது முறையல்ல. மார்பு எக்ஸ்ரே, எடை வரலாறு, விடாத காய்ச்சல் அல்லது இருமல், வீட்டில் காசநோயாளி உண்டா என்ற விசாரிப்பு, சளியிலோ வயிற்றிலிருந்து எடுக்கும் நீரிலோ கிருமியைத் தேடும் மரபணுச் சோதனை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆகவே “கை தடித்ததற்கு மட்டும் ஏன் இவ்வளவு மருந்து?” என்று கேட்கும் தாய் அறியாமையால் கேட்கவில்லை. மிகச் சரியான கேள்வி அது. மருத்துவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இதன் மறுபக்கமும் உண்டு. கடுமையாக மெலிந்த குழந்தைக்கும், தட்டம்மை வந்து தேறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும், காசநோய் முற்றிய குழந்தைக்கும் கூட கை தடிக்காமல் போகலாம். கிருமி புகுந்த முதல் சில வாரங்களிலும் சோதனை எதையும் காட்டாது. “மாண்டூ நெகட்டிவ், அதனால் ஒன்றுமில்லை” என்பதும் அவசர முடிவே.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்தால் நிலைமை வேறு. காசநோய் மருந்துகள் வருவதற்கு முந்திய காலப் பதிவுகளின்படி, ஒரு வயதுக்குள் கிருமி தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் மூண்டது. அதனால்தான் நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தோல் சோதனைக்குக் காத்திராமலேயே தடுப்பு மருந்து கொடுக்கப்படுகிறது. பொதுவாக அது நாள்தோறும் ஐசோனியாசிட், 6 மாதம். ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று பாட்டி தாத்தாக்கள் தடுப்பது இந்த இடத்தில்தான். அந்த மருந்து இன்றைய உடல்நிலைக்கானது அல்ல, வரக்கூடிய காசநோயையும், அது மூளைக்காய்ச்சலாக முற்றுவதையும் தடுப்பதற்கானது.

பி.சி.ஜி. போட்ட புண்

ஆல்பர்ட் கால்மெட், கமில் கெரான் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் இழக்கச் செய்தனர். இந்த வேலை 1908இல் தொடங்கி 13 ஆண்டு நடந்தது. 1921இல் பாரிசில் முதன்முதலாக ஒரு பச்சிளங்குழந்தைக்கு அது வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் 1978 முதல் விரிவான தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. பிறந்த உடனே, தவறினால் ஒரு வயதுக்குள் போட வேண்டும். முதல் மாதத்தில் அளவு 0.05 மி.லி., பிறகு 0.1 மி.லி. பிறந்த குழந்தையின் தோல் மெல்லியது. கூடுதல் அளவு ஆழத்தில் இறங்கிக் கட்டியையோ அக்குளில் நெறியையோ உண்டாக்கலாம் என்பதால் இந்தப் பாதி அளவு.

மற்ற தடுப்பூசிகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மற்றவற்றில் பல அன்றிரவே காய்ச்சலைக் காட்டி ஓய்ந்துவிடும். பி.சி.ஜி. போட்ட கை முதலில் வெறுமனே இருக்கும். எல்லோரும் மறந்துபோன இரண்டு மூன்று வாரத்தில் சிறு பரு எழும். அது மெல்லப் பெருத்து, உடைந்து, சிறிது சீழ் வடிந்து, பொருக்குத் தட்டி, மீண்டும் உடைந்து, 6 முதல் 12 வாரத்துக்குள் ஆறித் தழும்பாகும். பிள்ளை பெற்றவளுக்குப் புண் பழுத்துவிட்டது போலத்தான் தோன்றும். வெந்நீர் ஒத்தடம், மஞ்சள் பற்று, மருந்துக் கடைக் களிம்பு, பிதுக்கிச் சீழ் எடுத்தல் என்று வீட்டு வைத்தியம் தொடங்கும். ஒன்றும் தேவையில்லை. வழக்கம்போலக் குளிப்பாட்டலாம்; அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் போதும். தடுப்பூசி வேலை செய்கிற விதமே அதுதான்.

சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் நெறி கட்டும். சிறிதாக இருந்தால் தானே கரையும். பெருத்து, மெத்தென்று ஆகி, மேல்தோல் சிவந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மிக அரிதாக, பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்குத் தடுப்பூசிக் கிருமியே உடலெங்கும் பரவி உயிருக்கு ஆபத்தாகலாம். அந்தக் குடும்பத்தில் முன்பு பிறந்த குழந்தைகள் காரணம் தெரியாமல் அடிக்கடி தொற்று வந்து இறந்திருந்தால், ஊசிக்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கும்போதே இந்த ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கமாகியிருக்க வேண்டும்.

தழும்பு விழாததைப் பற்றியும் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். ஊசி முறையாகப் போடப்பட்டதாக அட்டையில் பதிவு இருந்தால், தழும்பு இல்லை என்பதற்காக மறுபடி போட வேண்டியதில்லை என்பதே இந்திய அரசின் வழிகாட்டலும் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும்.

ஐயங்களின் வரலாறு

1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பி.சி.ஜி. கொடுக்கப்பட்ட சுமார் 250 குழந்தைகளில் 70க்கும் மேற்பட்டோர் காசநோயால் இறந்தனர். ஆய்வகத்தில் தடுப்பூசியோடு வீரியமுள்ள கிருமி கலந்துவிட்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பொறுப்பான மருத்துவர்கள் தண்டிக்கப்பட்டனர். தடுப்பூசியின் மீது குற்றமில்லை. ஆனாலும் அத்தனை பிஞ்சு உயிர்கள் போன பின், பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை.

இந்தியாவில் 1948இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு இன்றைய ஆந்திரத்தின் மதனப்பள்ளியில் தடுப்பூசி போடத் தொடங்கினர். 1951 முதல் அது நாடு தழுவிய இயக்கமானது. குழுவினர் பள்ளிக்கு வந்து முதலில் தோல் சோதனை செய்வர்; மூன்றாம் நாள் திரும்ப வந்து, கை தடிக்காத பிள்ளைகளுக்கு மட்டும் தடுப்பூசி போடுவர். சென்னையில் சுகாதாரப் பொறியாளராக இருந்த ஏ. வி. ராமன் தொடக்கத்திலிருந்தே இதை எதிர்த்தார். 1954 வரை முதலமைச்சராக இருந்த ராஜாஜி, தாம் பி.சி.ஜி.யை எதிர்ப்பது ஏன் என்று விளக்கி 1955இல் சிறு நூலே வெளியிட்டார். நலமாக இருக்கும் குழந்தைகள் உடலில், பலன் உறுதிப்படாத நிலையில், உயிருள்ள கிருமியை இத்தனை பெரிய அளவில் செலுத்தலாமா என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் சாரம்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வும் தமிழ் மண்ணிலேயே நடந்தது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், சுமார் 2,60,000 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டுப் பல ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதே முடிவு. சுற்றுப்புற மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் அங்குள்ள மக்களின் உடலில் முன்பே பழகியிருந்தது காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. பலனைப் பற்றிய ராஜாஜியின் ஐயம் இந்த அளவுக்கு நியாயமாயிற்று. ஆனால் ஒரு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சிசுக்களுக்கு வரும் காசமூளைக்காய்ச்சலையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்பதைப் பிற நாட்டு ஆய்வுகள் காட்டின. பிறந்தவுடன் போடும் வழக்கம் தொடர்வதற்கு அதுவே காரணம். தடுப்பூசி போட்ட பிறகும் காசநோய் வரக்கூடும் என்பதைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்வதே சரி. சொல்லாவிட்டால், ஒரு பிள்ளைக்கு நோய் வந்ததும் எல்லாத் தடுப்பூசியின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

அந்த நம்பிக்கை எளிதில் உடையக்கூடியது. 2008 ஏப்ரலில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் ஊர்களில் ஊசி போடுவது நின்று, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அப்பணி மாற்றப்பட்டது. 2017இல் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி முகாமின்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது.

பிற தடுப்பூசிகளும் வெளிநாட்டுப் பள்ளிகளும்

தட்டம்மைத் தடுப்பூசி, தோல் சோதனையின் பதிலைச் சில வாரங்களுக்கு மங்கச் செய்யக்கூடும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். இயலாவிட்டால் தடுப்பூசிக்குப் பிறகு குறைந்தது 4 வாரம் பொறுத்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது தவறு.

அமெரிக்காவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கல். அந்நாடு எல்லாக் குழந்தைகளுக்கும் பி.சி.ஜி. போட்டதே இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தோல் சோதனை கேட்கப்பட்டு, கை தடித்தால், பி.சி.ஜி.யால் வந்ததா தொற்றால் வந்ததா என்று பிரித்தறிய அந்தச் சோதனையால் இயலாது. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி.யின் பாதிப்பு ஆண்டுகள் போகப்போகப் பெரும்பாலும் தேய்ந்துவிடும் என்பதால், பெரிய பிள்ளையின் தடித்த கையைத் தடுப்பூசியின் மேல் பழிபோட்டு ஒதுக்கிவிடவும் கூடாது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட, பி.சி.ஜி. போட்ட பிள்ளைகளுக்கு இக்ரா என்னும் இரத்தச் சோதனையைக் கேட்டுப் பெறலாம். அது பார்க்கும் புரதங்கள் பி.சி.ஜி. கிருமியில் கிடையாது. அதே புரதங்களைக் கொண்டு செய்யும் சை-டிபி என்ற புதிய தோல் சோதனைக்கு 2022இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி 18 வயது நிரம்பியவர்களுக்கே என்பதால், குழந்தைகளுக்கு இங்கே மாண்டூவும் எக்ஸ்ரேயும் வீட்டில் யாருக்கு இருமல் என்ற விசாரிப்பும்தான் கைகொடுத்து வந்திருக்கின்றன.