ஆற்றங்கரை ஏன் இடிகிறது? கனகராயன் ஆற்றை முன்வைத்து ஒரு விளக்கம்

வவுனியா மாவட்டத்தில் தொடங்கும் கனகராயன் ஆறு, வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. அங்கிருந்து சுண்டிக்குளம் கடனீரேரியைச் சேர்கிறது. 2018 டிசெம்பர் கனமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதும் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்துவிடும். இடிந்த கரை திரும்பி வராது. மீள்குடியேறியவரின் காணிக்கு ஆறே எல்லை என்றால், கரை இடிவதும் ஒருவகைக் காணி இழப்புத்தான்.

இடிவது எப்படி?

ஆறு வளையும் இடத்தில் நீர் வெளிப்பக்கக் கரையை வேகமாக மோதும். அடிமண் முதலில் அரிபட, மேல்மண் பிடிமானமின்றிச் சரியும். வெள்ளம் வடியும் நேரமும் ஆபத்தானது. உயர்ந்து நிற்கும் நீர் கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. அது சடுதியாக இறங்கினால், ஈரம் ஊறிப் பாரமான கரை அப்படியே விழும்.

கதவில் தொடங்கும் பாதுகாப்பு

எனவே குளத்துக் கதவுகளைப் படிப்படியாகத் திறப்பது போலவே, படிப்படியாக மூடுவதும் அவசியம். பெருமழைக்கு முன்னரே சிறிது சிறிதாக நீரை வெளியேற்றினால் ஒரேயடியாகத் திறக்க வேண்டி வராது. ஆனால் எதிர்பார்த்த மழை பொய்த்தால் சிறுபோகத்துக்கு நீர் போதாது. இந்த முடிவு விவசாயிகளையும் கரையோர மக்களையும் சேர்த்துப் பேசி எடுக்கப்பட வேண்டியது.

மணலும் மரமும்

ஆற்றில் மணல் அகழ்ந்தால் படுகை தாழ்கிறது. குழியின் மேல்விளிம்பு நீரோட்டத்தில் அரிபட்டு மேற்பக்கமாக நகர்வதால், அகழ்ந்த இடத்துக்கு அப்பாலும் கரை செங்குத்தாகி இடியும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணல் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

கரையோர மருதமரங்களின் வேர்கள் மண்ணைப் பிணைத்து வைத்திருக்கின்றன. வெட்டிவேரும் மூங்கிலும் அதற்கு உதவும். வளைவுகளில் கம்பிவலைக்குள் கல் நிரப்பி அடுக்கலாம். ஆனால் ஒரு கரையில் மட்டும் நீட்டிக் கட்டும் கல்லணை, நீரை எதிர்க்கரைக்குத் திருப்பிவிடக்கூடும். ஒருவரின் காணியைக் காக்க அடுத்தவரின் காணியை ஆற்றுக்குக் கொடுக்க முடியாது.

கரை வெடிப்பதைக் கண்டால், மாரிக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்திலிருந்து திகதியுடன் படமெடுத்து வையுங்கள். பிரதேச செயலகத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் எழுத்தில் முறையிடும்போது அந்தப் படங்கள் சான்றாகும்.