சுவரில் நட்சத்திரம்... என்ன அர்த்தம்? கடலூர், சிதம்பரம் தெருக்களில் ஐந்து முனையும் ஆறு முனையும் சொல்லும் கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் சுவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நட்சத்திரம்! நீலம், சிவப்புக்கு நடுவே ஒரு வெள்ளை நட்சத்திரம். கொஞ்ச தூரத்தில் அரிவாள் சுத்தியலோடு ஒன்று. இன்னொரு ஊரில் பிறையோடு ஒன்று. வாசலில் கோலமாவில் ஆறு முனையோடு இன்னொன்று.

பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் ஒவ்வொன்றும் சொல்வது வேறு. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இதில் தேர்தல் எங்கே வருகிறது? பார்க்கலாம்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். எத்தனை முனை, என்ன நிறம், பக்கத்தில் என்ன இருக்கிறது.

அரசியல் சுவர்களில் பெரும்பாலும் இருப்பது ஐந்து முனை. கோலத்திலும் முருகன் படத்திலும் வருவது ஆறு முனை. வரைகிற முறையும் வேறு. ஐந்து முனை நட்சத்திரத்தைக் கையை எடுக்காமல் ஒரே கோட்டில் போட்டுவிடலாம். ஆறு முனைக்கு இரண்டு முக்கோணங்கள் வேண்டும். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக.

நீலம், சிவப்பு, நடுவில் வெள்ளை நட்சத்திரம்: யாருடையது?

இது விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் கொடி. மேலே நீலம், கீழே சிவப்பு, நடுவில் ஐந்துமுனை நட்சத்திரம். கட்சிக்காரர்கள் இதை 'விண்மீன்' என்று சொல்வார்கள். சாதி ஒழிப்பு, தமிழ்த் தேசியம், பெண் விடுதலை, உழைக்கும் மக்கள் விடுதலை, ஏகாதிபத்திய எதிர்ப்பு ஆகிய ஐந்து கொள்கைகளை அந்த ஐந்து முனைகளோடு சேர்த்து விளக்குவது அவர்கள் வழக்கம்.

கடலூர் மாவட்டத்தில் இது அதிகமாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். மாநில அளவில் இது 20 சதவீதம்தான். சிதம்பரம் தனித் தொகுதி. கட்சித் தலைவர் தொல்.திருமாவளவன் 2009, 2019, 2024 என மூன்று முறை அங்கிருந்து மக்களவைக்குப் போனவர்.

கொடியில் நட்சத்திரம், ஓட்டு மெஷினில் என்ன?

இங்கேதான் சிக்கல். கொடியில் இருக்கிற நட்சத்திரமும் ஓட்டு மெஷினில் இருக்கிற சின்னமும் ஒன்றல்ல. கொடி மாறவில்லை, சின்னம் மாறிக்கொண்டே இருந்தது.

2001-ல் கடலூர் மாவட்டம் மங்களூர் தொகுதியில் திருமாவளவன் ஜெயித்தது திமுகவின் உதயசூரியன் சின்னத்தில். 2011 சட்டமன்றத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது மெழுகுவர்த்தி. 2016-ல் மோதிரம். 2019-ல் பானை. அங்கீகாரம் பெறாத கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது என்பதுதான் காரணம்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை எண்ணிக்கையே சொல்லும். 2016-ல் காட்டுமன்னார்கோவில் தொகுதியில் திருமாவளவன் தோற்றது வெறும் 87 ஓட்டில். அதே தொகுதியில் அதே பெயரில் ஒரு சுயேச்சையும் நின்றார். அவர் வாங்கிய ஓட்டு அந்த 87-ஐ விட அதிகம். பெயர் ஒன்றாக இருக்கும்போது வாக்காளருக்கு வித்தியாசம் காட்டுவது சின்னம்தான்.

2019-ல் சிதம்பரத்தில் அவர் ஜெயித்ததும் 3,219 ஓட்டு வித்தியாசத்தில்தான். 2024-ல் அதே பானைச் சின்னத்தில் அது 1 லட்சத்தைத் தாண்டியது. அந்தத் தேர்தலில் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் ஜெயித்த பிறகு, 2025 ஜனவரியில் விசிகவை மாநிலக் கட்சியாக அங்கீகரித்து பானையையே ஒதுக்கியது தேர்தல் ஆணையம்.

அதனால்தான் இந்தப் பகுதிச் சுவர்களில் நட்சத்திரமும் பானையும் சேர்ந்தே வருகின்றன. 'இது நம்ம கட்சி' என்று சொல்வது நட்சத்திரம். 'இந்தப் பட்டனை அமுக்கு' என்று சொல்வது பானை.

அரிவாள் சுத்தியலோடு வரும் நட்சத்திரம்?

இந்தக் கதை அப்படியே தலைகீழ். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் தேர்தல் சின்னமே அரிவாள், சுத்தியல், நட்சத்திரம்தான். 1964-ல் கட்சி இரண்டான பிறகு இந்திய கம்யூனிஸ்ட் கட்சி பழைய கதிர் அரிவாளையே வைத்துக்கொண்டது. அதில் நட்சத்திரம் இல்லை. ஆக, சுவரில் இருப்பது எந்த கம்யூனிஸ்ட் கட்சி என்று குழப்பம் வந்தால் நட்சத்திரத்தைத் தேடினால் போதும். 2011-ல் சிதம்பரம் சட்டமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.பாலகிருஷ்ணன் ஜெயித்தது இந்தச் சின்னத்தில்தான். சிபிஐ (எம்எல்) லிபரேஷனுக்கோ மூன்று நட்சத்திரம் போட்ட கொடியே சின்னம்.

பிறையும் நட்சத்திரமும்?

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களில் பச்சை நிறத்தில் இதைப் பார்த்தால் பலரும் மதச் சின்னம் என்றே நினைப்பார்கள். ஆனால் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் கொடியிலும் பிறையும் நட்சத்திரமும் உண்டு. அந்தக் கட்சியின் தேர்தல் சின்னம் ஏணி. பக்கத்தில் ஏணி இருந்தால் அது பிரசாரச் சுவர்.

புது வரவு, தமிழக வெற்றிக் கழகம். விஜய் 2024 ஆகஸ்ட் 22-ல் அறிமுகப்படுத்திய கொடியில் வாகைப் பூவைச் சுற்றி 28 நட்சத்திரங்கள். அதில் 23 பச்சை, 5 நீலம். சுவர் ஓவியர்களுக்கு இது நல்ல வேலை!

ஆறு முனை என்றால்?

பெரும்பாலும் கட்சி இல்லை. அறுகோணத்துக்குள் 'சரவணபவ' என்ற ஆறெழுத்து இருந்தால் அது முருகன். வாசலில் இருந்தால் கோலம். ஊடுபுள்ளி வைத்து, நடு வரிசையில் 7 புள்ளி, இருபக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 4-ல் நிறுத்தினால் ஆறு பக்கச் சட்டம் தானாகவே வந்துவிடும்.

சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை தேரோட்டத்தின்போது தேரோடும் வீதிகளில் கோலம் நிறைந்திருக்கும். அந்தத் திருவிழாவுக்கே ஒரு நட்சத்திரத்தின் பெயர்தான். வானியலில் பெட்டல்கியூஸ் எனப்படும் சிவந்த விண்மீன்தான் நம்மூர் திருவாதிரை.

இதே முனைக் கணக்கு அமெரிக்காவின் சிகாகோவில் உயிர் போகிற விஷயம். அங்குள்ள தெருக் கும்பல்கள் இரண்டு பெரிய அணிகளாக இருந்தன. 'பீப்பிள் நேஷன்' அணிக்கு ஐந்து முனை, 'ஃபோக் நேஷன்' அணிக்கு ஆறு முனை. எதிரணியின் நட்சத்திரத்தைத் தலைகீழாக வரைந்தாலே அவமதிப்பு.

நம்மூரில் ஏன் சுவருக்குச் சண்டை வருகிறது?

வட மாவட்டக் கிராமங்களில் கொடியும் சுவர் ஓவியமும் வெறும் விளம்பரம் இல்லை. பொதுச் சுவரில், ஊர் நுழைவாயிலில் ஒரு தரப்பின் அடையாளம் வந்தால், 'இந்த இடம் எல்லோருக்கும் பொதுவா, இல்லையா?' என்ற பழைய கேள்வி கிளம்பும். காலங்காலமாக ஊர்த் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு, பொதுச் சுவரில் தங்கள் நட்சத்திரம் இருப்பது உரிமை. அதை அழிப்பதும் சாணி அடிப்பதும் மோதலாக மாறி, போலீஸ் பாதுகாப்பு, அமைதிப் பேச்சுவார்த்தை வரை போவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தனியார் சுவர் என்றால் உரிமையாளர் அனுமதி கட்டாயம்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் கெடு ஆரம்பம். அரசு அலுவலகச் சுவர்களில் 24 மணி நேரத்துக்குள், பேருந்து நிலையம், பாலம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரத்துக்குள், அனுமதியில்லாத தனியார் சுவர்களில் 72 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். வேட்பாளருக்காக வரையும் சுவர் ஓவியத்தின் செலவு அவருடைய தேர்தல் கணக்கில் சேரும்.

உங்கள் வீட்டுச் சுவரில் கேட்காமல் வரைந்துவிட்டார்களா? தேர்தல் நேரத்தில் சி-விஜில் செயலியில் போட்டோ எடுத்து அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. 1950 என்ற எண்ணிலும் கூப்பிட்டுச் சொல்லலாம். நீங்களாகவே போய் அழிக்க வேண்டாம். சுவர் உங்களுடையதாக இருந்தாலும், அந்த ஊரில் அந்த நட்சத்திரம் யாருக்கு என்னவாக இருக்கிறது என்பதைப் பொறுத்து விஷயம் வேறு மாதிரி போய்விடலாம்.