பந்தை வாங்கும் நொடி



மாசாய் வட்டாரத்தை ஒரு காலத்தில் கித்தாத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்திருந்தன. 1970-களில் பாசிர் கூடாங்கில் துறைமுகமும் தொழிற்பேட்டையும் எழுந்தபின், பல தோட்டங்கள் ஆலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. தோட்டத்துத் திடல்களும் அவற்றோடு மறைந்தன. அங்கே ஆடியவர்களைப் பற்றிச் சொல்ல இன்று நமக்கு இரண்டே சாட்சிகள் உண்டு. ஒன்று பெரியவர்களின் நினைவு, மற்றொன்று நிழற்படம். பெண்கள் காற்பந்தின் வரலாற்றில் படம் எத்தகைய சாட்சியாக நின்றது என்பதை இன்று காண்போம்.

1895-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், லண்டனில் பிரிட்டிஷ் மகளிர் காற்பந்துக் கழகம் தன் முதல் பொது ஆட்டத்தை ஆடியது. அக்கழகத்தாரின் படம் இன்றும் இருக்கிறது. அதில் எல்லாரும் அசையாமல் வரிசையாக இருக்கிறார்கள். அக்காலக் காமிராக்கள் பெரும்பாலும் முக்காலியில் நிறுத்தப்பட்டு, கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தன. ஓடும் ஆளைப் பிடிப்பது எளிதன்று. ஆகவே, யார் ஆடினார்கள் என்பதை அப்படம் சொல்கிறது. எப்படி ஆடினார்கள் என்பதைச் சொல்லவில்லை.

பின்னர் முதல் உலகப்போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றதால் பெண்கள் ஆலைகளுக்கு வந்தார்கள். 1917-இல் பிரஸ்டன் நகரின் டிக் கெர் ஆலைத் தொழிலாளப் பெண்கள் ஒரு குழு அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26-இல் லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5-இல், காற்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமன்று என்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் கூறிவிட்டது. தன் கழகங்களின் திடல்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்றும் தடை விதித்தது. 1970-களின் தொடக்கம் வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. ஆயினும் அப்பெண்கள் பந்தோடு ஓடிய படங்களும் செய்திச் சுருள்களும் அழியவில்லை. "ஏற்றதன்று" என்ற சொல்லுக்கு அவையே விடை கூறுகின்றன.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1975-இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியப் பெண்கள் காற்பந்துப் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பெற்றது. 1983-இல் மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தது. தமிழகத்துப் பெண்கள் 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று இந்திய தேசியப் பட்டம் பெற்றார்கள். 2019-இல் மதுரை சேது கழகம் இந்திய மகளிர் லீக் கிண்ணத்தை வென்றது.

கிண்ணம் வாங்கும் நாளில் படம் எடுக்கப் பலர் வருவார்கள். பயிற்சி நாளில் யார் வருகிறார்கள்? உண்மையான உழைப்பு அங்கேதான் நடக்கிறது. தோழி அனுப்பும் பந்தை வாங்குவதைப் பாருங்கள். பந்து பாதத்தைத் தொடும் கணத்தில் பாதத்தைச் சற்றே பின்னிழுக்க வேண்டும். லாரியிலிருந்து இறங்கும் மூட்டையைத் தோளைத் தாழ்த்தி வாங்குவது போல. விறைப்பாக நின்றால் பந்து தெறித்து ஓடிவிடும். அந்த நொடியில்தான் பல மாதப் பயிற்சி தெரிகிறது.

அதைப் படம் பிடிக்க விரும்புவோர் வெயில் தம் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். பந்தை உதைப்பவரை விட்டு, வாங்குபவரையே நோக்க வேண்டும். ஐந்நூறில் ஒரு பங்கு நொடி வேகம் வைத்தால் ஓட்டம் பெரும்பாலும் உறைந்து நிற்கும். பந்து காலைத் தொட்டபின் அழுத்தினால் காலம் கடந்துவிடும். தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பிள்ளையின் சம்மதமும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

படம் எடுத்தால் மட்டும் போதாது. கைபேசியில் கிடக்கும் படம் கைபேசியோடு போய்விடும். அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், திடல், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். வீட்டுப் பெட்டியில் பழைய படம் இருந்தால், அதிலுள்ளவர்கள் யார் என்று பாட்டியிடம் இன்றே கேளுங்கள். பெயரில்லாத படம் பாதிச் சாட்சிதான். பால்மரம் வெட்டிய கைகளின் கணக்கு தோட்டத்து அலுவலகத்தில் எழுதப்பட்டது. நம் பெண்பிள்ளைகளின் ஆட்டக் கணக்கை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.